வாசலில் நான் நிறுத்திய பேச்சு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது என் நாத்தனார் மகள். தாயை இழந்து வந்தவள், என் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தாள். நான்கு பேரையும் காரைக்கால் பக்கம் பூவத்தில், மூன்று ஏக்கர் சொச்சம் வரும் பத்து மா நிலத்தை வைத்துக்கொண்டு ஆளாக்கினேன். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் எங்களுடையது. வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு நானே மடையில் நின்று தண்ணீர் கட்டினேன். ஆம்பிளைகள் என்னைப் பார்த்து வழி விட்டார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் பின்னால் என் வாயைக் கட்டியது.

படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை எழுத ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. அரைப் பக்கம் எழுதினால் விரல் மரத்துப்போகும். நோட்டை மூடி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவேன்.

எழுதுவது என் கடைசி மகனைப் பற்றி. அவன் பிரான்சில் சின்ன விமானம் ஓட்டிக்கொண்டு போய்ச் செத்தான். போகும் இடத்தை யாரிடமும் சொல்லாமல் போனான், அதனால்தான் தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று என்று என் மருமகள் இன்றுவரை நம்புகிறாள். பேத்தியும் அப்படியே நம்பி வளர்ந்துவிட்டாள். அது நடந்தபடி இல்லை. நடந்தது எனக்கு மட்டும் தெரியும். நான் போய்ச் சேர்ந்தால் என்னோடு அதுவும் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்தால் மாப்பிள்ளையும் அந்த நாட்டுக்குப் போகலாம். என் மருமகள் அப்படிப்பட்ட சொல்தா வீட்டுப் பெண். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் மகன் இன்ஜினீயருக்குப் படித்தவன். ஏதோ இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு ஊரில் வீடு. ஒரே பெண் குழந்தை.

அங்கே போய் ஐந்தாறு வருஷத்தில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டான். பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து பழைய விமானம் ஒன்றை வாங்கினான். நாலு பேர் உட்காரலாம். பாதி அவருடையது, பாதி இவனுடையது.

"எந்தப் பாதிடா உன்னுது?" என்று போனில் கேட்டேன்.

"முன்பாதி பெரியவருது. வாலு என்னுதும்மா" என்றான்.

நான் மூன்று தடவை அங்கே போயிருக்கிறேன். இரண்டாம் தடவை போனபோது என்னை அதில் ஏற்றினான். ஏற்றுவதற்கு முந்தின நாள் குளியலறையிலிருந்து எடை பார்க்கும் பலகையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான்.

"ஏறும்மா."

"ஏன்டா, என்னை விக்கப் போறியா?"

"ஏறுறவங்க எடை, பெட்ரோல் எடை எல்லாத்தையும் கூட்டித்தாம்மா கிளம்பணும். கூடிப்போனா எழும்பாது."

"உன்னைப் பத்து மாசம் சுமந்தவ நான். என்னை ஒரு மணி நேரம் சுமக்க உனக்குக் கணக்கா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏறி நின்றேன். எவ்வளவு என்று எழுத மாட்டேன்.

விமானம் நின்றிருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. அறுவடை முடிந்த தாளடி வயல் மாதிரி ஒரு புல்தரை. ஒரு தகரக் கொட்டகை. கம்பத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிக்குழல் ஒன்று. கேட் இல்லை, காவலாள் இல்லை. பெரிய விமான நிலையத்தில் கோபுரத்தில் ஒருவர் உட்கார்ந்து, நீ இறங்கு, நீ பொறு என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். இந்த மாதிரித் திடல்களில் கோபுரமும் கிடையாது, சொல்ல ஆளும் கிடையாது. அவனவன் பார்த்து ஏறி, அவனவன் பார்த்து இறங்க வேண்டியது. அந்த நாட்டில் மலையிலும் காட்டிலும் இப்படி ஏராளம் இருக்கின்றன. அங்கங்கே போய் இறங்கிவிட்டு வருவதுதான் என் மகனுக்குச் சந்தோஷம்.

மேலே போன பிறகு காதில் மாட்டிய கருவியில் அவன் பிரெஞ்சில் பேசுவது கேட்டது. சற்று நேரம் கழித்து மறுபடி பேசினான். யாரும் பதில் சொல்லவில்லை.

"யாருகிட்டடா பேசுறே?"

"யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட."

"யாரு இருக்கா?"

"தெரியாதும்மா. இன்ன இடத்துல இருக்கேன், இன்ன பக்கம் திரும்புறேன், இறங்கப் போறேன்னு சொல்லிக்கிட்டே போகணும். பக்கத்துல யாராவது பறந்தா கேட்டுக்குவாங்க."

"பதிலே வரலையே."

"வரலைன்னா வானம் காலின்னு அர்த்தம். இல்லேன்னா எவனோ ரேடியோவைப் போட மறந்துட்டான்னு அர்த்தம். அதுக்குத்தான் கண்ணையும் திறந்து வச்சுக்கணும்."

எனக்குப் புரிந்தது. இருட்டில் வரப்பில் போகிறவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டே போவான். எதிரே ஆள் வருகிறதா என்று அவனுக்குத் தெரியாது. தான் வருவதை வருகிறவனுக்குத் தெரிவித்துவிடுகிறான், அவ்வளவுதான்.

இறங்க வேண்டிய திடலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு தடவை தாழப் பறந்து விரட்டிவிட்டு, சுற்றி வந்து இறக்கினான். கதவைத் திறந்தால் காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

"வாங்கன்னு சொல்ல ஒரு ஆளு இல்லையேடா."

"இங்க அப்படித்தாம்மா."

"வாங்கன்னு சொல்லாத வீட்டுக்கு நான் போனதில்லை" என்று சொல்லிவிட்டு விமானத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவன் மட்டும் இறங்கி, பால்காரனிடம் பேசுவதுபோல ஆடுகளிடம் ஏதோ பேசிவிட்டு வந்தான்.

வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. கிளம்பும் முன் எந்தத் திடலுக்குப் போகிறான், எத்தனை மணிக்கு இறங்குவான் என்று அவளிடம் சொல்வான். அந்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் போன் வராவிட்டால் அவள் தேடுகிறவர்களைக் கூப்பிட வேண்டும். நம்பர் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தது. கோபுரம் உள்ள இடமென்றால் வரவில்லையே என்று அவர்களே தேடுவார்கள். ஆளில்லாத திடலில் நீ வரவில்லை என்பது யாருக்குத் தெரியும்? வீட்டில் ஒருத்திக்குத் தெரிந்தால்தான் உண்டு. இதை அவனே எனக்கு விளக்கியிருக்கிறான். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்ல முடியாது.

மூன்றாம் தடவை போயிருந்தபோது நடந்தது இது. அங்கே இலை உதிரும் காலம். வேலை நாள்தான், அவன் லீவு போட்டிருந்தான். மருமகள் விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். குழந்தை பள்ளிக்கூடம் போய்விட்டது.

எங்கள் வீடுகளில் கிளம்புகிறவரை எங்கே என்று கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் கெடும். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் தூரமா என்று கேட்போம். படி தாண்டியவர் எதற்காவது திரும்பி வந்தால், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் மறுபடி அனுப்புவோம். என் மாமியார் இப்படித்தான் என் வீட்டுக்காரரைக் கோர்ட்டுக்கு அனுப்பினார்கள், இப்படித்தான் நான் என் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பினேன்.

அவன் பையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"தூரமா?" என்றேன்.

"தூரம்தாம்மா. நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

போனான். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு திரும்பி வந்து, செருப்பு விடும் மிதியடிமேல் ஷூவோடு நின்றான்.

"அம்மா, அவ டூட்டியில இருக்கா, போனை எடுக்க முடியாது. நீ ஞாபகம் வச்சுக்க. நான் இன்னிக்கு மலைப்பக்கம்..."

நான் கையை நீட்டித் தடுத்தேன். "வாயை மூடுடா. படி தாண்டின காலோட திரும்பி வந்து நின்னுக்கிட்டு போற ஊரைச் சொல்றியே. உள்ள வா. உக்காரு. தண்ணியைக் குடி."

"அம்மா, இது விமானம்மா. மாட்டு வண்டி இல்ல."

"எதுவா இருந்தா என்ன? போறது நீதானே?"

சிரித்தான். ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தான். "சரி, அவளுக்கு எழுதி அனுப்பிடறேன். உன் சாஸ்திரத்தோட யாரு சண்டை போடறது?" என்றான். போய்விட்டான். நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

எழுதி அனுப்பவில்லை. மறந்தானா, திடலுக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்தானா, எனக்குத் தெரியாது.

நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. குழந்தை வந்து பால் குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தது. ஆறு மணிக்கு மருமகள் வந்தாள். ஷூ வைக்கும் இடத்தைப் பார்த்தாள்.

"அத்தை, அவர் எங்க?"

"காலையில கிளம்பினான். விமானத்துக்கு."

அவள் முகம் மாறிற்று. "எங்க போறேன்னு சொன்னாரா?"

"சொல்லலை."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அந்தக் கேள்வியை அவள் நின்றபடி கேட்டாள், நான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதற்கு முந்தின வாரம்தான் குழந்தைக்கு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். புகை வந்தால் அடிக்கும் மணி அலறி, அக்கம்பக்கமெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். "அத்தை, இங்க இதெல்லாம் வேணாமே" என்றாள். அவளிடம் போய், உன் புருஷன் சொல்ல வந்தான், நான்தான் சகுனம் பார்த்து வாயை அடைத்தேன் என்று எப்படிச் சொல்வது? இப்போது வந்துவிடுவான் என்றும் இருந்தது. வந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

அவள் சுவரில் ஒட்டியிருந்த நம்பரைக் கூப்பிட்டாள். ராத்திரி போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கேட்க, மருமகள் தமிழில் சொல்ல, நான் பதில் சொன்னேன். "மகன் போகும்போது ஏதாவது சொன்னாரா?" "சாயங்காலம் வந்துடுவேன்னான். வேற ஒண்ணும் சொல்லலை." அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். எழுதியாகிவிட்டது, இனிமேல் எப்படி மாற்றிச் சொல்வது என்று இருந்தது.

பாதி விமானத்துக்காரரும் வந்தார். கொட்டகையில் விமானம் இல்லை, அவன் வழக்கமாகக் கடலோரத் திடல்களுக்குத்தான் போவான் என்றார். விமானம் அடிபட்டால் தானாகக் கூப்பிடும் பெட்டி ஒன்று உள்ளே இருந்ததாம். அது கூப்பிடவில்லை. போனுக்கும் தொடர்பு இல்லை. மறுநாள் விடிந்ததும் கடல் பக்கம் தேடப் போனார்கள்.

அன்று காலையிலேயே என்னால் தாங்க முடியவில்லை. மருமகள் அடுப்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் போனேன். அப்போதாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"விடியக்கால கனவுல சாமி வந்துச்சும்மா. மலையைக் காட்டுச்சு. மலைப்பக்கம் தேடச் சொல்லு."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அத்தை, போலீஸ்காரங்ககிட்ட கனவையா சொல்ல முடியும்?"

"சொல்லிப் பாரேன்."

"சொன்னா நம்மளைப் பைத்தியம்னுவாங்க. தேடுறவங்களைத் தேட விடுங்க."

அவள் சொல்லவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை. கனவைக் கேட்காதவள் உண்மையைக் கேட்டிருப்பாள். ஒரு வார்த்தைதான். எனக்கு அது வரவில்லை.

மூன்றாம் நாள் மலைமேல் உள்ள ஒரு திடலுக்குப் புல் வெட்டப் போன ஆள், ஓரத்து மரங்களின் தலை ஒடிந்திருப்பதைப் பார்த்தார். திடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கிடந்தது விமானம். என் மகன் அதற்குள் இல்லை. பெல்ட்டைக் கழற்றி வெளியே வந்திருக்கிறான். சட்டையைக் கிழித்துத் தொடையில் கட்டியிருக்கிறான். ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காலித் தண்ணீர் பாட்டில்.

முதல் ராத்திரி முழுக்க உயிரோடு இருந்திருக்கிறான், மறுநாள் மத்தியானம் தாண்டித்தான் போயிருக்கிறான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மருமகளே நர்ஸ். அதைப் படித்ததும் நேரக் கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. காரியம் முடிந்து நான் ஊர் திரும்பும் நாளன்று என் அறைக்கு வந்தாள். கீழே உட்கார்ந்து என் பாதத்தில் தலையை வைத்தாள்.

"நீங்க சொன்ன காலையிலயே நான் சொல்லியிருந்தா அவரு பொழச்சிருப்பாரு அத்தை. உங்களுக்குச் சாமி காட்டிச்சு. நான் வாயைத் திறக்கலை. என்னை மன்னிச்சிடுங்க."

நான் அவள் தலையில் கையை வைத்தேன். "விடும்மா, உன் மேல தப்பு இல்ல" என்றேன். மன்னிக்கிறவள் மாதிரிச் சொன்னேன். என் ஆயுசில் நான் செய்த மோசமான காரியம் அதுதான். வாசலில் அவனைத் தடுத்தது தெரியாத்தனம். போலீசிடம் சொல்லாதது பயம், வீம்பு. இது அந்த இரண்டிலும் சேராது. அவள் சுமையை நான் எடுத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஏற்றி அனுப்பினேன்.

சாம்பலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து, காரைக்காலில் அரசலாறு கடலில் சேரும் இடத்தில் கரைத்தோம். கனவு எனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. மருமகளின் அம்மா சொல்லியிருக்கிறார். பூவத்தில் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "பெத்த வயிறு, சாமியே வந்து காட்டியிருக்கு" என்றார்கள். காணாமல் போன மாட்டுக்குக்கூட வந்து கேட்டார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மரியாதை கிடைத்தது, வாங்கிக்கொண்டேன்.

ஒரு புயலுக்குப் பிறகு பட்டினச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் போன படகு வரவில்லை. வயிற்றில் பிள்ளை.

"எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்கம்மா. எங்க ஆளுங்க போய்ப் பாத்துக்குவாங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

"ஒரு தடவை தூங்கிப் பாருங்கம்மா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

வெயில் சாயும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள். தெரிந்தும் சொல்ல மறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்து போனாள். அந்தப் படகு வரவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதன் பிறகு யாராவது கையைப் பிடிக்க வந்தால் உள்ளே போய்விடுவேன்.

பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது பத்தொன்பது. தமிழ் சரியாக வரவேண்டும் என்று ஒரு வருஷம் என்னோடு இருக்க வந்திருக்கிறாள். அவள் அப்பன் எழுத்துச் சொல்லிக் கொடுத்தான், பாதியில் நின்றது. இப்போது என்னைப் போலவே கூட்டிக் கூட்டிப் படிக்கிறாள். மழை ஆரம்பித்த சமயம், முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"அப்பாயி, அப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள். "எங்க மேல அக்கறை இருந்தா சொல்லியிருப்பார்ல?"

நான் அடுத்த கொத்தை எடுத்து உருவினேன்.

"அம்மா அந்தக் கனவைச் சொல்லி இன்னமும் அழுவுறாங்க. எனக்கு அப்பா மேலதான் கோவம். போட்டோவைப் பாத்தாலே கோவம்தான் வருது."

அன்றைக்குத்தான் கடைக்கு ஆள் அனுப்பி இந்த நோட்டை வாங்கினேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எங்கேயாவது வழுக்கி வேறு பக்கம் போய்விடுவேன், என்னை எனக்குத் தெரியும். பேனாவில் அப்படி முடியாது. ஒரு எழுத்துக்கு எனக்கு அவ்வளவு நேரம் ஆகிறது. பொய் எழுத வந்தால் அதற்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

இனி உனக்கே எழுதுகிறேன். அடுத்த மாதம் உன் அம்மா வருகிறாள். அவளுக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் உன்னிடம் கொடுக்கிறேன். உன் அப்பன் சொல்ல வந்தான், கண்ணு. வாசல் வரை திரும்பி வந்தான். உன் அம்மா எந்தக் கனவையும் மறைக்கவில்லை, கனவே கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீ என்னோடு இருப்பதும் கிளம்பிப் போவதும் உன் இஷ்டம். நான் கேட்க மாட்டேன்.

இப்போது இதை எனக்குப் படித்துக் காட்டு. மனசுக்குள் படிக்காதே, சத்தமாகப் படி. நான் எதிரே உட்கார்ந்து கேட்கிறேன். எங்கேயாவது எனக்குச் சாதகமாக எழுதியிருக்கிறேன் என்று பட்டால் அங்கேயே நிறுத்து. அடித்துவிட்டு வேறே எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தால் அதை மட்டும் பொறுத்துக்கொள். படி, கண்ணு.